வரலாற்றுப் போர்க்கப்பல்களை அளவுவிகிதப்படி வரைதல்: ‘எம்டன்’ கப்பலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மறைந்துபோன ஒரு போர்க்கப்பலை அளவுவிகிதம் பிசகாமல் வரைவது ஓவியத் திறனை மட்டும் சார்ந்த பணியன்று. அது சான்றுகளை எடைபோடும் பணியுமாகும். கட்டுமான வரைபடம், ஒளிப்படம், எஞ்சியுள்ள பொருள்கள், உடனிருந்தோர் எழுதிய குறிப்புகள் ஆகிய நால்வகைச் சான்றுகளும் வெவ்வேறு வகையில் பிழைபடக்கூடியவை. 1914இல் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியக் கப்பலான எம்டனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அப்பிழைகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றை எவ்வாறு கணக்கிட்டுக் களைவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எம்டன், அளவுவிகித வரைபடம், நீர்மட்டக்கோடு, நேர்வீழல், தொலைவுக்குறுக்கம், கப்பல் வரலாறு.

முன்னுரை

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்திற்கு அருகே வந்த எம்டன், தேடொளி விளக்குகளால் பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டறிந்து, சுமார் 125 முதல் 130 குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. அந்த அரைமணி நேரத்தின் விளைவாகத் தமிழில் ஒரு சொல் நிலைபெற்றது. எவராலும் பிடிபடாத, சூழ்ச்சி மிக்க, அச்சமூட்டும் ஆளை ‘அவன் பெரிய எம்டன்’ என்று கூறும் வழக்கு இன்றும் உண்டு. சொல் நின்றது, ஆனால் அச்சொல்லுக்குரிய பொருளின் உருவம் நம்மிடம் தெளிவாக இல்லை. இதழ்களிலும் நூல் அட்டைகளிலும் எம்டன் என்ற பெயரில் அச்சாகும் படங்களைக் கூர்ந்து நோக்கினால், சிலவற்றில் புகைபோக்கி இரண்டு, சிலவற்றில் மூன்று, சிலவற்றில் நான்கு. இவற்றுள் எது சரி என்ற கேள்விக்கு விடை காண முனைந்ததே இக்கட்டுரைக்கு வித்து.

அளவுவிகித வரைபடம் என்பது ஓர் உறுதிமொழி. வண்ண ஓவியம் ஒன்றில் கடற்படை வீரர் எவ்வளவு உயரம் என்று எவரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ‘1:200’ என்று அடியில் எழுதப்பட்ட படத்தில் ஒவ்வொரு கோடும் ‘இது இங்கே இருந்தது, இவ்வளவு நீளம் இருந்தது’ என்று கூறுகிறது. அப்படத்தைப் பார்த்து மாதிரிக்கப்பல் செய்பவரும், அருங்காட்சியகத்தில் காட்சிப்பலகை அமைப்பவரும், அடுத்த நூலுக்குப் படம் வரைபவரும் அக்கூற்றை நம்பியே செயல்படுகின்றனர். ஒரு பிழை படியெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டுச் சான்றாகவே மாறிவிடுவது இத்துறையில் அன்றாட நிகழ்வு.

எந்த எம்டன்?

வரையத் தொடங்குமுன் கப்பலை அடையாளம் காண வேண்டும். இது மிக எளிதான படி என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. ஜெர்மானியக் கடற்படையில் எம்டன் என்ற பெயர் ஒரு கப்பலோடு நிற்கவில்லை. சென்னைக்கு வந்தது டிரெஸ்டன் வகையைச் சேர்ந்த இலகுரகக் குரூசர். டான்சிக் நகரின் அரசுக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1908 மே 26இல் நீரில் இறக்கப்பட்டு, 1909 ஜூலையில் பணியில் சேர்ந்தது. அது அழிந்த பின்னர் அப்பெயரைச் சுமந்த இரண்டாம் எம்டன் 1916இல் பணியில் சேர்ந்தது. அதற்கும் மூன்று புகைபோக்கிகள் உண்டு. ஆனால் நீளம் 150 மீட்டரைத் தாண்டும். 1925இல் பணியேற்ற மூன்றாம் எம்டனுக்கு இரண்டே புகைபோக்கிகள். முதற்கப்பலின் நினைவாகப் பின்வந்தவை அணியத்தில் இரும்புச்சிலுவைச் சின்னத்தைத் தாங்கின. ஆகவே அணியத்தில் பெரிய சிலுவை தெரியும் படம் எதுவாயினும் அது சென்னைக்கு வந்த கப்பல் அன்று. (அணியம் என்பது கப்பலின் முன்முனையைக் குறிக்கும் நெய்தல்நில மக்களின் சொல். ‘முன்பக்கம்’ என்று பொதுப்பட எழுதுவதைவிட இச்சொல் துல்லியமானது என்பதால் இங்கு அதனையே பயன்படுத்துகிறேன்.)

உடன்பிறப்புக் கப்பல்களால் நேரும் மயக்கம் இதைவிட நுட்பமானது. டிரெஸ்டனும் எம்டனும் ஒரே வடிவமைப்பில் தோன்றியவை. டிரெஸ்டன் ஹாம்பர்க் நகரின் புளோம் உண்ட் ஃபோஸ் தளத்தில் கட்டப்பட்டது. ஒன்றின் படம் கிடைக்காத இடத்தில் மற்றொன்றின் படத்தைக் கொண்டு நிரப்புவது வரைவோர் பலரும் கையாளும் வழி. நீர்மட்டத்திற்கு மேலே இது பெரும்பாலும் தீங்கற்றது. கீழேயோ, டிரெஸ்டனில் நீராவிச் சுழலிகள் நான்கு உந்துவிசிறிகளை இயக்கின. எம்டனில் பழைய முறையான உந்துதண்டு நீராவிப்பொறிகள் இரண்டே விசிறிகளை இயக்கின. நான் முதன்முதலில் வரைந்த எம்டன் படத்தில் நான்கு விசிறிகள் இருந்தன. பல மாதங்கள் அது என் மேசைக்கு எதிரே சுவரில் தொங்கியது. எவரும் குறை கூறவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. பொறிகளைப் பற்றிப் படித்த ஒரு நாளில்தான் பின்பகுதி முழுவதும் வேறொரு கப்பலுடையது என்று விளங்கிற்று.

மூன்று தோற்றங்கள், ஓர் உடல்

கப்பலின் உடல் வளைபரப்புகளால் ஆனது. அதைத் தட்டைத் தாளில் குறிக்கக் கப்பல் வடிவமைப்பாளர்கள் மூன்று தோற்றங்களை ஒருங்கே கையாண்டனர். பக்கத்தோற்றத்தில் ஏராக்கட்டையும் தளத்தின் வளைவும் தெரியும். மேற்றோற்றத்தில் வெவ்வேறு உயரங்களில் கிடையாக வெட்டினால் தோன்றும் நீர்மட்டக்கோடுகள் தெரியும். குறுக்குவெட்டுத் தோற்றத்தில் அணியம் முதல் பின்முனை வரை குறித்த இடைவெளிகளில் வெட்டினால் தோன்றும் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வழக்கமாக நடுக்கோட்டின் ஒருபுறம் முற்பாதி வெட்டுகளும் மறுபுறம் பிற்பாதி வெட்டுகளும் வரையப்படும்.

இம்முறையின் வலிமை அதன் தன்னிலைச் சோதனையில் உள்ளது. கப்பலுடலின் எந்தப் புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகள் உண்டு. ஒவ்வோர் அளவும் இரண்டு தோற்றங்களில் இடம்பெறும். பக்கத்தோற்றத்தில் உள்ள உயரமும் குறுக்குவெட்டில் உள்ள உயரமும் ஒத்துவரவில்லையெனில் எங்கோ பிழை உள்ளது. பக்கத்தோற்றத்தை மட்டும் அழகாக வரைந்து முடித்துவிடும் படங்களில் இச்சோதனைக்கு வாய்ப்பே இல்லை. மேற்றோற்றம் இல்லாத ‘அளவுவிகிதப் படம்’ பாதி வாக்குமூலம் மட்டுமே என்பது என் கருத்து.

நாட்டுக்கு நாடு மரபும் மாறும். பிரிட்டானிய வரைபடங்களில் வெட்டுகளுக்கு அணியத்திலிருந்து எண் இடப்படும். ஜெர்மானிய வரைபடங்களில் பின்பகுதியிலிருந்து எண்ணப்படும். பிரிட்டானிய நூல்களில் பழகியவர் ஜெர்மானிய வரைபடத்தைக் கையிலெடுத்து இதை மறந்தால், கப்பலுள் அறைகளைத் தலைகீழ் வரிசையில் அமைத்துவிடுவார். அளவுவிகிதமும் அவ்வாறே. அடியும் அங்குலமும் வழங்கிய பிரிட்டனில் ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 1:48, நெடுங்கால மரபு. மெட்ரிக் அளவை வழங்கிய ஜெர்மனியில் 1:50, 1:100 என்பன இயல்பானவை.

மேற்றோற்றத்தில் பாதியை மட்டும் வரைந்து மறுபாதி அதன் எதிரொளி என்று கொள்வது எஃகுக் கப்பல்களுக்குப் பொருந்தும். மரக்கப்பல்களுக்கு எப்போதும் பொருந்தாது. 1628 ஆகஸ்ட் 10இல் ஸ்டாக்ஹோமில் மூழ்கி 1961இல் மேலே எடுக்கப்பட்ட வாசா கப்பலை அளந்தபோது அதன் இடப்பாதியும் வலப்பாதியும் சமமாக இல்லை என்பது தெரியவந்தது. அக்கப்பலில் கிடைத்த அளவுகோல்களுள் சில சுவீடன் அடியையும் சில ஆம்ஸ்டர்டாம் அடியையும் கொண்டிருந்தன. கட்டியவர்களே இருவேறு அடிகளில் அளந்திருக்க, வரைபவர் ஒரு பாதியை மடித்துப் படியெடுப்பது கப்பலைத் திருத்துவதாகுமே தவிர வரைவதாகாது.

நீளம் என்பது எது?

எம்டனின் முழு நீளம் 118.3 மீட்டர், நீர்மட்டத்தில் அளந்த நீளம் 117.9 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். முழு நீளத்திற்கும் நீர்மட்ட நீளத்திற்கும் உள்ள வேறுபாடு இக்கப்பலில் 40 செ.மீ. மட்டுமே. 1:200 அளவில் அது 2 மி.மீ. சிறிதுதான், ஆயினும் நூலில் கண்ட ‘நீளம்’ எவ்வகையைச் சார்ந்தது என்று பார்க்காமல் வரையும் பழக்கம், பாய்மரக் கப்பல்களுக்கு வரும்போது பெருங்கேடாகும். அங்கே முன்நீட்டுமரத்தைச் சேர்த்து அளப்பதா, விடுத்து அளப்பதா என்பதிலேயே பல மீட்டர் வேறுபடும்.

எந்த அளவில் வரைவது என்பதும் முதலிலேயே முடிவாக வேண்டும். எம்டன் 1:100 அளவில் 118.3 செ.மீ.; 1:200 அளவில் 59.15 செ.மீ.; மாதிரிக்கப்பல் உலகில் பரவலாக உள்ள 1:350 அளவில் 33.8 செ.மீ.; 1:700 அளவில் 16.9 செ.மீ. கோட்டின் தடிமனும் இங்கே கணக்கில் வருகிறது. 0.1 மி.மீ. தடிமனுள்ள கோடு 1:200 அளவில் 2 செ.மீ. பருமனைக் குறிக்கும், 1:700 அளவில் 7 செ.மீ. பருமனைக் குறிக்கும். தளத்தின் ஓரக் கம்பித்தடுப்பை 1:700 படத்தில் சாதாரணப் பேனாவால் வரைந்தால், அது மனிதத் தொடையளவு பருமனான உருளைகளாக நிற்கும். சிறிய அளவில் வரைபவர் சிலவற்றை விட்டுவிட வேண்டும். எதை விட்டார் என்பதைக் கூறவும் வேண்டும்.

சுருங்கும் தாள்

கட்டுமான வரைபடம் கிடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. பிரிட்டானியக் கப்பல்களுக்கு ‘கட்டி முடித்த நிலை’ வரைபடங்கள் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத் தொகுப்பில் பெருமளவில் உள்ளன. பிற்கால மாற்றங்கள் அவற்றில் வேறு வண்ண மையால் குறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மானியக் கப்பல்களுக்கு ஃபிரைபர்க் நகரின் கூட்டாட்சிப் படைத்துறை ஆவணகம் முதன்மையான இடம்.

ஆனால் தாளும் துணியும் உயிருள்ளவை போல் நடந்துகொள்கின்றன. நீலப்படிகள் நீரில் கழுவி உலர்த்தப்பட்டவை, உலரும்போது சுருங்கும். அச்சுருக்கம் நீளவாக்கில் ஓர் அளவும் குறுக்குவாக்கில் வேறோர் அளவும் இருக்கும். 1:100 என்று எழுதிய படியில் எம்டனின் நீளம் 118.3 செ.மீ. இருக்க வேண்டும். அளந்து பார்க்கையில் 117.1 செ.மீ. மட்டும் இருப்பதாகக் கொள்வோம். சுருக்கம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அகலம் 13.5 செ.மீ.க்கு மாறாக 13.45 செ.மீ. இருந்தால் அத்திசையில் சுருக்கம் 0.4 விழுக்காடு மட்டுமே. ஆகவே படம் முழுவதையும் ஒரே காரணியால் பெருக்கிப் பெரிதாக்குவது தவறு. இரு திசைகளுக்கும் தனித்தனிக் காரணி தேவை. தாளில் எழுதியுள்ள விகிதத்தை நம்பாமல், அதே தாளில் வரையப்பட்ட அளவுக்கோட்டை அளக்க வேண்டும். தாள் சுருங்கும்போது அக்கோடும் சேர்ந்தே சுருங்கியிருக்கும். ஆனால் அளவுக்கோடு பெரும்பாலும் ஒரு திசையில்தான் வரையப்பட்டிருக்கும் என்பதை மறக்கலாகாது.

இன்றைய நூல்களில் மறுபதிப்பாகும் வரைபடங்களில் நிலைமை இன்னும் மோசம். பக்க அமைப்புக்காகப் படத்தைச் சற்று நீட்டியோ குறுக்கியோ விடுகின்றனர். வட்டமாக இருக்க வேண்டிய பக்கச் சாளரங்கள் நீள்வட்டமாகத் தெரிந்தால் ஐயுற வேண்டும். அச்சாளரங்களைவிட எளிதான சோதனைக்கருவி வேறில்லை.

ஒளிப்படம் சொல்வதும் மறைப்பதும்

வரைபடம் என்பது கட்ட எண்ணிய கப்பல். ஒளிப்படமோ உண்மையில் மிதந்த கப்பல். ஆகவே இரண்டும் முரண்படும் இடத்தில் ஒளிப்படத்திற்கே முன்னுரிமை. ஆனால் ஒளிப்படத்தின் மீது நேரடியாக அளவுகோலை வைக்க முடியாது. அளவுவிகித வரைபடம் நேர்வீழல் முறையில் அமைந்தது. எல்லாப் பொருள்களும் ஒரே தொலைவில் இருப்பதுபோல் காட்டும். ஒளிப்படத்தில் அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும்.

இதன் அளவை ஒரு கணக்கால் காட்டலாம். கப்பலின் நடுப்பகுதிக்கு நேரெதிரே, கப்பலின் நடுக்கோட்டிலிருந்து 200 மீட்டர் தொலைவில் ஒளிப்படக்கருவி இருப்பதாகக் கொள்வோம். அணியத்தின் முனையும் பின்முனையும் புகைபோக்கிகளும் நடுக்கோட்டில் உள்ளவை. எனவே முழு நீளத்தைக் கொண்டு அளவு நிறுவினால் புகைபோக்கிகளின் இடம் சரியாகவே கிடைக்கும். ஆனால் நடுக்கோட்டிலிருந்து 6 மீட்டர் விலகிக் கப்பலின் ஓரத்தில் தொங்கும் படகு, ஒளிப்படக்கருவிக்கு 194 மீட்டர் தொலைவிலேயே உள்ளது. அப்படகு கப்பலின் நடுவிலிருந்து 20 மீட்டர் முன்னால் இருந்தால், படத்தில் அது 20.62 மீட்டர் முன்னால் இருப்பதாகத் தோன்றும். பிழை 62 செ.மீ.; 1:200 வரைபடத்தில் 3 மி.மீ.க்குச் சற்று மேல். கண்ணுக்குப் புலப்படும் பிழை அது. ஓரத்தில் உள்ளவை யாவும் நடுவிலிருந்து விலகியே தோன்றும் என்பதால், ஒளிப்படத்தை அப்படியே படியெடுத்த படங்களில் பீரங்கிகளும் படகுகளும் இரு முனைகளை நோக்கிச் சிதறியிருக்கும். ஒளிப்படத்திலிருந்து அளவெடுக்க வேண்டுமானால் அப்பொருள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியுள்ளது என்பதை மேற்றோற்றத்திலிருந்து முன்னரே அறிந்திருக்க வேண்டும். மூன்று தோற்றங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இது மற்றொரு சான்று.

வண்ணம் பற்றிய சான்று இன்னும் வழுக்கலானது. அக்காலத்து ஒளிப்படத் தகடுகள் சிவப்பு ஒளியை ஏறத்தாழ உணராதவை. மஞ்சளையும் குறைவாகவே உணர்பவை. நீலத்தை மிகுதியாக உணர்பவை. ஆகவே நீர்மட்டத்திற்குக் கீழுள்ள சிவப்பு வண்ணம் படத்தில் கருமையாகத் தோன்றும். மஞ்சள் நாம் காண்பதைவிட இருண்டு தோன்றும். போருக்கு முன், சிங்டாவைத் தளமாகக் கொண்ட கிழக்காசியப் படைப்பிரிவில் இருந்த எம்டன் வெண்ணிற உடலும் மஞ்சட்பழுப்புப் புகைபோக்கிகளும் கொண்டு விளங்கியது. ‘கிழக்கின் அன்னம்’ என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. ஒளிப்படத்தை மட்டும் கண்டவர் அப்புகைபோக்கிகளைச் சாம்பல் நிறமென்று முடிவு கட்டுவது எளிது. வாசா கப்பலின் சிற்பங்களுக்கும் நீலப் பின்னணியே இருந்தது என்று முதலில் கருதினர். பின்னர் மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களைப் பகுத்தாய்ந்தபோது பின்னணி சிவப்பு என்றும், சிற்பங்கள் பன்னிறம் கொண்டவை என்றும் தெரிந்தது. எம்டனுக்கு அத்தகைய பகுப்பாய்வுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும், போர் மூண்டதும் அது சாம்பல் நிறத்துக்கு மாறியது என்பது உறுதி. சென்னைத் தாக்குதலைச் சித்திரிக்கும் படத்தில் வெள்ளைக் கப்பலை வரைவது காலப்பிழை.

நீர் எங்கே தொட்டது?

பலரும் கருதிப் பாராத ஒன்று நீர்மட்டக்கோடு. கப்பல் எப்போதும் ஒரே ஆழத்தில் மிதப்பதில்லை. எம்டனின் இடப்பெயர்ச்சி எடை வடிவமைப்பு நிலையில் 3,664 டன். முழுச்சுமை நிலையில் 4,268 டன். வேறுபாடு 604 டன். இது எவ்வளவு ஆழமாக மாறும்? நீர்மட்டத்தில் கப்பலின் பரப்பு, அதே நீள அகலமுள்ள செவ்வகத்தின் பரப்பில் பத்தில் ஏழு பங்கு என்று கொண்டால் (ஒல்லியான குரூசர்களுக்கு இது ஏற்கத்தக்க மதிப்பு), 117.9 × 13.5 × 0.7 = சுமார் 1,114 சதுர மீட்டர். கடல்நீரின் அடர்த்தியால் பெருக்க, ஒரு மீட்டர் ஆழத்திற்குச் சுமார் 1,142 டன். எனவே 604 டன் மிகையாக ஏற்றினால் கப்பல் ஏறத்தாழ 53 செ.மீ. கூடுதலாக மூழ்கும். 1:200 படத்தில் 2.6 மி.மீ.

நிலக்கரியை எரித்து ஓடிய கப்பலுக்கு இது வெறும் கணக்கன்று. வங்காள விரிகுடாவில் உலவிய காலத்தில் எம்டனுக்கு நட்புத் துறைமுகம் ஏதுமில்லை. உடன்வந்த மார்கோமானியா கப்பலிலிருந்தும், பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் நிலக்கரியை எடுத்துக்கொண்டது. கிடைத்தபோது அறைகள் நிரம்பித் தளத்தின் மீதும் குவித்துவைத்தது. நிலக்கரி நிரப்பிய மறுநாளின் எம்டனும், பத்து நாள் ஓடிய பின்னரான எம்டனும் ஒரே கோட்டில் மிதந்திருக்க இயலாது. ஆகவே வரைபடத்தில் நீர்மட்டக்கோட்டை வரைபவர் அது வடிவமைப்பு நிலையா, முழுச்சுமை நிலையா என்று குறிப்பிடுதல் முறை. உடலில் பூசிய வண்ண எல்லைக்கோட்டையும் நீர்மட்டக்கோட்டையும் ஒன்றாக எண்ணுவதும் தவறு. முன்னது கப்பலோடு நகர்வது, பின்னது கடலுக்குரியது.

பீரங்கிகளும் அவற்றின் எண்ணும்

எம்டனின் முதன்மைப் பீரங்கிகள் பத்து. முன்தளத்தில் இரண்டு அருகருகே, பின்பகுதியில் இரண்டு அருகருகே, நடுவில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு. பக்கத்தோற்றத்தில் ஐந்து மட்டுமே தனித்துத் தெரியும். அருகருகே உள்ள இணைகள் ஒன்றின்பின் ஒன்று மறையும். பத்தையும் காட்ட விரும்பி, பக்கத்தோற்றத்திலேயே அவற்றை வரிசையாக அடுக்கிய படங்களும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் அக்கப்பல் அப்படி இருக்கவில்லை.

பீரங்கியின் நீளத்தைக் கணக்கிடுவதிலும் ஒரு பொறி உண்டு. இவை ‘10.5 செ.மீ. எல்/40’ வகை. 40 என்பது குழல்விட்டத்தின் மடங்கு: 40 × 10.5 = 420 செ.மீ. ஜெர்மானிய மரபில் இது குழலின் வாயிலிருந்து பின்புறம் வரையான முழு நீளம். பிரிட்டானிய மரபிலோ இத்தகைய எண் உட்குழலின் நீளத்தை மட்டும் குறிக்கும், பின்கட்டு தனி. பிரிட்டானிய முறைப்படி பொருள்கொண்டு ஜெர்மானியப் பீரங்கியை வரைந்தால் அது நீண்டுவிடும். பெயரளவுக் குழல்விட்டமும் எப்போதும் உண்மையன்று. ஜெர்மானியரின் ‘15 செ.மீ.’ பீரங்கியின் உண்மை விட்டம் 14.91 செ.மீ. வரைபடத்தில் அவ்வேறுபாடு தெரியாது. ஆனால் எண்ணைக் கொண்டு நீளத்தைப் பெருக்கும்போது சேர்ந்துகொள்ளும்.

இந்த ஒரு பொருளில் நூலறிவை விட்டு நேரே செல்லவும் வழியுண்டு. எம்டனின் பீரங்கிகளுள் ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் 1917 முதல் நிற்கிறது. நாடா ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும்.

நான்காவது புகைபோக்கி

இனி முதற்கேள்விக்கு வரலாம். எம்டனுக்குப் பன்னிரண்டு கொதிகலன்கள். அவற்றின் புகை மூன்று புகைபோக்கிகள் வழியே வெளியேறிற்று. நான்காவது புகைபோக்கி பொய். அப்பகுதியில் உலவிய பிரிட்டானியக் குரூசர்கள், குறிப்பாக யார்மவுத், நான்கு புகைபோக்கிகள் கொண்டவை. தொலைவிலிருந்து பார்ப்போர் அதுவென்று எண்ணட்டும் என்று, முதல்நிலை அதிகாரியான ஹெல்முத் ஃபொன் மூக்கே கூறிய யோசனைப்படி மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு ஒன்றைச் செய்து நிறுத்தினர். வேண்டும்போது ஏற்றுவர், வேண்டாதபோது இறக்குவர். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ரஷ்யக் கப்பலான ஷெம்சுக்கை மூழ்கடித்தபோது அது ஏற்றப்பட்டிருந்தது.

முதலில் செய்தது தட்டையான திரை. பக்கவாட்டில் பார்த்தால் மட்டுமே புகைபோக்கியாகத் தெரியும். சற்றுச் சாய்ந்த கோணத்தில் பார்த்தால் குட்டு வெளிப்படும். எனவே பின்னர் நீள்வட்டக் குறுக்குவெட்டு உடைய மற்றொன்றைச் செய்தனர். வரைபவருக்கு இதில் ஒரு பாடம் அடங்கியுள்ளது. பக்கத்தோற்றத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்தவே முடியாது. மேற்றோற்றத்தில் முன்னது வெறும் கோடு, பின்னது நீள்வட்டம். பகைவரை ஏமாற்றிய அதே நேர்வீழல், மேற்றோற்றத்தைச் சேர்க்காத வரைபடக்காரரையும் ஏமாற்றிவிடுகிறது.

ஆகவே நான்கு புகைபோக்கியுள்ள எம்டன் படம் தன்னளவில் தவறன்று. நாள் குறிக்கப்படாத நான்கு புகைபோக்கிப் படமே தவறு. 1910இன் வெண்ணிறக் கப்பலுக்கு நான்கு புகைபோக்கி வரைந்தால் அது எக்காலத்திலும் இல்லாத கப்பல். இரண்டு புகைபோக்கியுள்ள படமோ 1925ஆம் ஆண்டுக் கப்பலுடையது.

காட்சிப்படங்களுக்கும் இதே ஒழுங்கு தேவை. எம்டன் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் நின்று சுட்டது. 118 மீட்டர் நீளமுள்ள பொருள் அத்தொலைவில் பார்வையில் 2.3 பாகை அளவே விரியும்; கையை நீட்டிப் பிடித்தால் விரல்நுனியில் சுமார் இரண்டரை செ.மீ. முழுநிலவை நான்கைந்து முறை அடுக்கிய அகலம். கடற்கரையை ஒட்டி மலைபோல் நிற்கும் கப்பலைச் சென்னை மக்கள் அன்றிரவு காணவில்லை. செண்பகராமன் அக்கப்பலில் வந்திறங்கினார் என்னும் செவிவழிக் கதையும் இவ்வகைப் படமே. அம்மாதம் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார்.

அறிந்ததும் ஊகித்ததும்

1914 நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியுடன் நடந்த போரில் சிதைந்த எம்டனை, அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். உடைந்த உடலின் பெரும்பகுதி 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றால் அறுத்தெடுக்கப்பட்டது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு குண்டுச் சிதறலும், உயர்நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டும் உள்ளன. அளப்பதற்கு எஞ்சியவை இவ்வளவு சிலவே என்பதால், வரைபடத்தில் எது அளந்தது, எது ஊகித்தது என்பதைப் பிரித்துக்காட்டுவது கடமையாகிறது.

இதற்கு நான் கையாளும் முறை எளியது. கட்டுமான வரைபடத்திலிருந்து அளவெடுத்தவற்றுக்கு முழுக்கோடு. திருத்தம் செய்த ஒளிப்படத்திலிருந்து பெற்றவற்றுக்கும் முழுக்கோடு, ஆனால் மெல்லியது. உடன்பிறப்புக் கப்பலிலிருந்தோ, மூக்கேயின் 1915ஆம் ஆண்டு நூல் போன்ற எழுத்துக் குறிப்பிலிருந்தோ பெற்றவற்றுக்கு விட்டுவிட்டு வரையும் கோடு. இம்முறையில் வரையும்போது பொய்ப் புகைபோக்கி முழுவதும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. அழகு குறைகிறது என்று நண்பர்கள் கூறுவதுண்டு. படத்தின் கீழ்மூலையில் எழுதும் குறிப்பும் அதற்கேற்ப நீள்கிறது: ‘எம்டன், 1914 அக்டோபர் 28ஆம் நாள் நிலை, அளவு 1:200, நீர்மட்டக்கோடு வடிவமைப்பு நிலைக்குரியது, சாம்பல் நிறத்தின் ஆழம் ஊகம், நான்காவது புகைபோக்கி எழுத்துச் சான்றின்படி, பின்பகுதியின் நீரடி வடிவம் இரு விசிறிகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது.’